கையைக் கட்டும் முன் காது மெஷினைக் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளின் கைகளைக் கட்டுவது பற்றிய தங்கள் நாளிதழின் செய்தியைப் படித்தேன். வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்க மயக்க மருந்தைக் குறைத்ததும் சிலர் திமிறுவார்கள், வாய் வழியாகப் போட்ட சுவாசக் குழாயைப் பிடுங்கப் பார்ப்பார்கள். உடனே மிடசோலாம் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் குழப்பம் கூடலாம். குழாயை எடுப்பதும் தள்ளிப்போகும். 2018இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, மிடசோலாம் வகை மருந்துகளைவிட புரோபோஃபால் அல்லது டெக்ஸ்மெடிடோமிடின் என்ற வேறு மயக்க மருந்துகளையே பரிந்துரைக்கிறது. சரி, மருந்துக்கு முன்பே பார்க்க வேண்டியவை உண்டே: வலி, மூச்சுத்திணறல், நிரம்பிய சிறுநீர்ப்பை, தூக்கமின்மை.

என் தந்தைக்கு நிமோனியா வந்து குழாய் பொருத்தியிருந்தபோது இரண்டு நாள் கைகளைக் கட்டியே வைத்திருந்தார்கள். அவருக்குக் காது கேட்காது என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. காது மெஷின் எங்கள் பையில் கிடந்தது (தப்பு எங்களுடையதும்தான்). ஒரு செவிலியர் அதைக் கேட்டு வாங்கி மாட்டி, "ஐயா, ஆஸ்பத்திரியில இருக்கீங்க" என்றதும் அடங்கினார். சேர்க்கைப் படிவத்திலேயே கண்ணாடி, காது மெஷின் உண்டா என்று கேட்கலாம். குழாயை எடுக்கும் நாளில் உறவினர் ஒருவரை அரை மணி நேரமாவது அருகில் விடலாம்.

— வாசகர், திண்டுக்கல்