வரையத் தெரியாதவர்களுக்கும் கலைத்துறையில் படிப்பு இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் உயர்கல்விப் பக்கங்களை விடாமல் படிப்பவன் நான். கலைப் படிப்பு என்று வந்தாலே ஓவியம், சிற்பம், அனிமேஷன், டிசைன் என்று நான்கோடு நிறுத்திவிடுகிறீர்கள். காட்சிக் கலை நிர்வாகம் என்று, அருங்காட்சியகம், கண்காட்சி போன்றவற்றை நடத்தக் கற்றுத்தரும் ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது, அதைப் பற்றியும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இது நேற்று முளைத்த படிப்பு இல்லை, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1971-லேயே தொடங்கிவிட்டார்கள்.

ஓவியம் என்றால் உயிரை விடுவார்கள், ஆனால் வரைய வராது, இப்படிப் பிள்ளைகள் நிறையப் பேர். "உனக்குத்தான் வரையத் தெரியாதே, அப்புறம் எதுக்குக் கலை?" என்று சொல்லி அவர்களை வேறு பக்கம் திருப்பிவிடுகிறோம். ஒரே ஒரு கண்காட்சி நடத்த என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். இன்னொரு அருங்காட்சியகத்திடம் ஓவியத்தை இரவல் வாங்க ஒப்பந்தம் போட வேண்டும், அங்கே சுவரிலிருந்து கழற்றியது முதல் திரும்பக் கொண்டுபோய் மாட்டும் வரைக்கும் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும், பெட்டியைத் திறந்ததும் எங்கே கீறல், எங்கே வண்ணம் உதிர்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும், நீர்வண்ண ஓவியமாக இருந்தால் வெளிச்சம் சுமார் 50 லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் பணம் திரட்டுவது தனி வேலை. இதில் எதற்கும் தூரிகை பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை, ஆனால் முறையாகக் கற்காமல் இறங்கவும் முடியாது.

ஒரு கலைப்பொருள் யார் யார் கை மாறி வந்தது என்று விசாரிப்பதும் இந்தப் படிப்பில் முக்கியமான பகுதி. நம் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் வாங்கியது, கோயிலில் திருடப்பட்ட சிலை என்று தெரிந்து 2014-இல் திருப்பித் தந்தது. விற்றவர் கொடுத்த காகிதங்கள் போலி. கலாசாரச் சொத்துகளைக் கடத்துவதற்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970-லேயே வந்துவிட்டது, அப்படியிருந்தும் இவ்வளவு நடந்தது என்றால் காகிதத்தைச் சந்தேகத்தோடு படிக்கத் தெரிந்தவர்கள் எவ்வளவு தேவை என்று யோசியுங்கள். அழகைப் பார்த்து மயங்குகிறவர் மட்டும் போதாது, கணக்கும் சட்டமும் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சரி, சேரப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டத்தில் வரவு செலவு, பதிப்புரிமை, நிதி திரட்டல் எல்லாம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கலை வரலாற்றையே கொஞ்சம் மாற்றி, நிர்வாகம் என்று பெயர் ஒட்டிய படிப்பாக இருந்தால் வேண்டாம். பொருள்களைப் பாதுகாக்கும் கிடங்குக்குள் மாணவர்களை விடுவார்களா என்பதையும் கேளுங்கள், அங்கே கற்பது வகுப்பில் கிடைக்காது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இன்டர்ன்ஷிப் விஷயம்தான். சம்பளமே இல்லாமல் மாதக்கணக்கில் வேலை வாங்குவது இந்தத் துறையில் நெடுநாள் வழக்கம், வீட்டில் பணம் இருக்கிறவர்களால் மட்டும்தான் அதைத் தாங்க முடியும், மற்றவர்கள் படித்து முடித்தும் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். வட அமெரிக்கக் கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கமே 2019-இல் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுங்கள் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்டதால் எல்லா இடத்திலும் நிலைமை மாறிவிடாது. அதனால் நீங்கள் இந்தப் படிப்பைப் பற்றி எழுதும்போது, கட்டணத்தையும் உதவித்தொகையையும் போடுவதுபோல அந்தந்தக் கல்வி நிறுவனம் அனுப்பும் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பதையும் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்