கைரேகைக்கும் பூட்டு உண்டு

ஆசிரியருக்கு,

ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால், ஓடிபி இல்லாமலே வங்கி முகவரின் கையடக்கக் கருவியில் வங்கிப் பணத்தை எடுத்துவிடலாம். கிராமத்து முதியோருக்கு இது பெரிய வசதிதான். ஆனால் நகலெடுத்த ரேகையை வைத்து மோசடிக் கும்பலும் இதே வழியில் சுருட்டுகிறது. எம்ஆதார் செயலியில், கைரேகையை யாரும் பயன்படுத்த முடியாதபடி தடுக்கும் பயோமெட்ரிக் பூட்டு இலவசம். ரேஷன் கடைக்குப் போகும்போது திறந்துகொள்ளலாம். எங்கள் தெருவில் பலருக்கு இது தெரியவே இல்லை.

சரி, பணம் போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். அடுத்தடுத்த கணக்குக்கு மாறும் முன்பே முடக்க வாய்ப்புண்டு. அப்புறம் வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். 1930 என்ற எண்ணை வங்கிகள் பாஸ்புக் அட்டையிலேயே கொட்டை எழுத்தில் அச்சடிக்க வேண்டும். முதியோர் பத்திரமாக வைத்திருப்பது அதைத்தான்.

ஒரு வாசகர், தஞ்சாவூர்