உப்புவெளி விறாந்தையில் எங்களுக்கு நோயாளிகளாக இருந்தவர்களுக்கு

மருத்துவ மாணவர்களான நாங்கள் நாலு பேரும் நோயாளிகளோடு கதைத்துப் பழகுவதற்காக, நோயாளிகளாக நடித்து நாலு சனிக்கிழமை பின்னேரங்களை எங்களுக்குத் தந்தீர்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் விடுமுறை முடிந்து பஸ் ஏற வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி ஒரு பயிற்சி வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். ஃபிலடெல்பியாவில் 456 மருத்துவ மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்றாம் ஆண்டில் மாணவர்களின் பரிவு குறைந்துபோனதாக அதில் கண்டார்கள். அங்கே மாணவர்கள் முழுநேரமாக வாட்டுக்குப் போகத் தொடங்குவது அந்த ஆண்டில்தான். நானும் மூன்றாம் ஆண்டை முடித்தவள். வாட்டில் ஒருவரை 'ஏழாம் கட்டில்' என்று சொல்ல எனக்கும் பழகிவிட்டது. பயம் வந்தது.

நோயாளியாக நடிப்பவரை வைத்துப் பழகும் முறையை 1963இல் கலிபோர்னியாவில் ஹோவார்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கினார். அவருடைய ஆட்களுக்குக் கதையை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நாங்களும் ஒரு கதை எழுதித்தான் தந்தோம். நீங்கள் அதற்குள் உங்கள் சொந்தக் கதையையும் வைத்துக் கதைத்தீர்கள்.

மூலையில் மணிக்கூட்டோடு இருந்த ஓய்வுபெற்ற தாதி அக்காவுக்கு முதல் நன்றி. நோயாளி கதைக்கத் தொடங்கிச் சராசரியாக 18 செக்கனில் மருத்துவர் குறுக்கிடுகிறார் என்று அமெரிக்காவில் 1984இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நான் அப்படிச் செய்யமாட்டேன் என்றுதான் நம்பியிருந்தேன். முதல் நாள் அக்கா எழுதித் தந்த துண்டில் என் பெயருக்கு நேரே 11 என்று இருந்தது.

கிண்ணியா உம்மா, நீரிழிவுக் குளிசையை நிறுத்திவிட்ட பெண்ணாக நீங்கள் இருந்தீர்கள். "பேரன் என்னோடதான் இருக்கான்" என்றீர்கள். நான் "சரி, கடைசியா சீனி எவ்வளவு இருந்தது?" என்று கேட்டேன். முடிந்த பிறகு என் கையைப் பிடித்து, "மகள், பேரன்ட கதையச் சொன்னேனே, அத ஏன் கேக்கல்ல?" என்றீர்கள். அவனைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வருவதற்குள் கிளினிக்கில் நம்பர் முடிந்துவிடுகிறது. நீங்கள் மூன்று மாதமாகக் குளிசை எடுக்காமல் இருந்தது உண்மையிலேயே அதனால்தான். நான் கேட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே அது தெரிந்திருக்கும்.

மூதூர் ஐயாவிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்கிறேன். புற்றுநோய் என்ற செய்தியைக் கேட்பவராக உங்களை இருக்கச் சொன்னோம். பாதியில் எழும்பி வெளியே போய்விட்டீர்கள். உங்கள் மனைவியின் செய்தியை ஓர் ஆஸ்பத்திரி நடைபாதையில் நிற்க வைத்தே சொன்னார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. கன்னியா வெந்நீரூற்றில் முப்பத்தோராம் நாள் செய்துவிட்டு வந்தும் அந்த நடைபாதைச் சுவரின் நிறம் கண்ணைவிட்டுப் போகவில்லை என்று பிறகு சொன்னீர்கள். "ஒரு கதிரையிலயாவது இருக்கச் சொல்லியிருக்கலாம், பிள்ளை" என்றீர்கள். அப்படியிருந்தும் அடுத்த சனிக்கிழமை வந்தீர்கள்! அன்று நாங்கள் நாலு பேரும் முதலில் கதிரையைத்தான் இழுத்துப் போட்டோம்.

ஆட்களை ஏற்றி இறக்கிக் காசு வாங்காத ஓட்டோ அண்ணை, விறாந்தையும் தேத்தண்ணியும் தந்த மாமி, உங்களுக்கும் நன்றி.

உம்மா, உங்கள் கிளினிக் கொப்பி தவறுதலாக என் பைக்குள் வந்துவிட்டது. ஓட்டோ அண்ணையிடம் கிடைக்க ஒழுங்கு செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருவார்.