டிபி-303 வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் ஒரு குரல்பதிவை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். எங்கள் கடையில் சர்வீசுக்குக் கொடுத்த டிபி-303 பேஸ் சிந்தசைசர் திரும்பி வந்தபோது அதில் போட்டுவைத்திருந்த பேட்டர்ன் (திரும்பத் திரும்ப ஓடும் ஸ்வரத் தொடர்) ஒன்றுகூட இல்லை என்றும், அவற்றை நாங்கள் நகலெடுத்து வேறொரு இசையமைப்பாளருக்குக் கொடுத்துவிட்டு அழித்துவிட்டோம் என்றும் அதில் சொல்லப்படுகிறது. பேசியவர் யாரென்று எங்களுக்குத் தெரியும். நல்ல கலைஞர், இன்றும் எங்கள் வாடிக்கையாளர்தான், ஆகவே பெயரைச் சொல்லப்போவதில்லை.

பேட்டர்ன்கள் போனது உண்மை. அது ஏன் போனது என்பதை, இந்தப் பெட்டியை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 1981-ஆம் ஆண்டின் இறுதியில் ரோலண்ட் நிறுவனம் இதை வெளியிட்டபோது, தனியாக வாசித்துப் பழகும் கிட்டார்க்காரருக்குப் பக்கத்தில் ஒரு பேஸ் துணை இருக்கட்டும் என்பதே நோக்கம். அடியில் போடும் நான்கு சி சைஸ் பேட்டரிகள்தாம் பெட்டியை ஓட்டுகின்றன. பெட்டியை அணைத்துவைத்த பிறகு 64 பேட்டர்ன்களின் நினைவையும் அவையேதான் காக்கின்றன. பேட்டரி இல்லாமல் அடாப்டரை மட்டும் செருகி வாசிப்பவர்கள், அடாப்டரை உருவியதும் எல்லாவற்றையும் இழப்பார்கள். பேட்டரி தளர்ந்திருந்தாலோ, நீங்கள் எழுதாத ஸ்வரங்களெல்லாம் பேட்டர்னுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். பேட்டரியைக் கழற்றாமல் எந்த மெக்கானிக்கும் பெட்டியைத் திறந்து சால்டரிங் அயர்னை உள்ளே கொண்டுபோகமாட்டார். கழற்றினால் நினைவு அழியும் என்ற வரி எங்கள் ரசீதின் பின்புறம் அச்சாகியுள்ளது.

நகலெடுத்தோம் என்ற சொல்தான் எங்களை வெகுவாக வருத்தியது. இந்தப் பெட்டியில் யுஎஸ்பி கிடையாது. மிடி கிடையாது, மின்னணு இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி என்ற ஏற்பாடு வந்ததே 1983-இல்தான். கேசட்டில் பதிந்து வைத்துக்கொள்ளும் வசதிகூட இல்லை. உள்ளே இருக்கும் பேட்டர்னை வெளியே எடுக்க வேண்டுமானால், ஒருவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, படிக்குப் படி டேப் (Tap) பட்டனை அழுத்தி, எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். 64 பேட்டர்ன்களுக்கு அவ்வாறு எழுதும் பொறுமை உள்ள ஆள் எங்கள் கடையில் இருந்திருந்தால், அவரை வைத்து நாங்கள் எவ்வளவோ உருப்படியான வேலை பார்த்திருப்போம். அந்தப் பேட்டர்ன்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், சோதித்துப் பார்க்கும்போது காதில் விழுந்த இரண்டொரு சுற்றுகள் மட்டுமே. உங்கள் பேட்டர்ன் உங்களுக்கு முக்கியமென்றால் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 16 கட்டங்கள் போட்ட அச்சுத்தாளைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகவே கொடுத்துவருகிறோம்.

அந்தக் குரல்பதிவைத் தொடர்ந்து, 'எங்கள் பெட்டியும் பழுதோ' என்று கேட்டுப் பலர் அழைத்தார்கள். அவர்கள் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை இயக்கும் முறையைச் சேர்ந்தவை. ஸ்வரம் இடம் மாறிப் போகிறது என்பது அவற்றில் முதலாவது. இந்தப் பெட்டியில் ஸ்வரங்களைத் தனியாகவும் காலத்தைத் தனியாகவும் எழுத வேண்டும். பிட்ச் பகுதியில் சி, சி, ஈ, ஜி என நான்கு ஸ்வரங்களை எழுதி, டைம் பகுதியில் நான்கு படிகளுக்கும் அடி கொடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். பிறகு இரண்டாம் படியை மட்டும் மௌனமாக மாற்றினால், இரண்டாவது சி மறைந்துபோகாது. அது மூன்றாம் படிக்கு நகரும், ஈ நான்காம் படிக்குப் போகும், ஜி அடுத்த அடிக்காகக் காத்திருக்கும். மௌனமும் நீட்டிப்பும் ஸ்வரத்தைச் செலவழிப்பதில்லை என்பதை நினைவில் வைத்தால் இந்தக் குழப்பம் வராது. இதே எழுதுமுறையை வைத்திருக்கும் புதிய நகல் பெட்டிகளுக்கும் இது பொருந்தும்.

ஒலியின் பளிச்சு தேயும் நேரத்தை மாற்றும் டிகே திருகு சில ஸ்வரங்களில் வேலை செய்யவில்லை என்பது இன்னொரு குறை. ஆக்சென்ட் (அழுத்தம்) போட்ட ஸ்வரத்தில் டிகே தானாகவே மிகக் குறைந்த அளவுக்குப் போய்விடும். திருகை எப்படித் திருப்பினாலும் அங்கே மாற்றம் தெரியாது. ஆக்சென்ட்டுகளை அடுத்தடுத்து வைத்தால் ஒன்றைவிட மற்றொன்று பளிச்சென்று ஏறி ஒலிப்பதும் கோளாறில்லை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னூட்டம் முழுவதும் வடிவதற்குள் அடுத்த ஆக்சென்ட் வந்துவிடுவதால் நேர்வது அது. ஒலியை வடிகட்டும் திருகுகளில், ரெசனன்ஸை (கூர்மை) முக்காலுக்கு மேல் வைத்துக்கொண்டு, பேட்டர்ன் ஓடும்போதே கட்ஆஃபை (வடிகட்டும் எல்லை) மெல்லத் திருப்பிப் பாருங்கள். 1987-இல் சிகாகோவின் ஃப்யூச்சர் (Phuture) இசைக்குழுவினர் இந்தப் பெட்டிக்கு மறுவாழ்வு கொடுத்தது அந்த ஒலியால்தான். ஸ்லைடு நம்மவர்களின் ஜாரு என்ற கமகத்தைப் போல இரு ஸ்வரங்களை இழைக்கும், ஆனால் தூரம் எவ்வளவானாலும் ஏறத்தாழ ஒரே கால அளவில்தான் நகரும். மும்பையில் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-லேயே இதில் ராகங்களை வாசித்துப் பதிவு செய்திருப்பதைக் கேட்டவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

கணினியோடு சேர்ந்து ஓடவில்லை என்பவர்களுக்கு ஒரு சொல்: பின்னால் உள்ள ஐந்து முள் துளை பார்வைக்கு மிடி போலவே இருக்கும், ஆனால் அது சின்க் (தாளத்தை ஒத்து ஓடவைக்கும்) துளை. ஒரு குவார்ட்டர் நோட்டுக்கு 24 துடிப்புகள் அதில் வர வேண்டும். மிடி கேபிளை நேரடியாகச் செருகினால் பெட்டி பேசாமல் இருக்கும், இடையில் ஒரு மாற்றி தேவை. சுருதி விலகுகிறது என்போர், ஏசி அறையில் பெட்டியைப் போட்டதும் டியூனிங் செய்யாமல், சற்று நேரம் ஓடவிட்டுப் பிறகு செய்யவும்.

1984-இலேயே உற்பத்தி நின்றுபோன ஒரு பெட்டியைச் சென்னையில் இன்னும் ஓடவைத்துக்கொண்டிருக்கிறோம் என்றால், கோடம்பாக்கத்து ஸ்டூடியோ நாட்களிலிருந்து எங்களை விடாமல் நாடிவரும் உங்களால்தான். குரல்பதிவைக் கேட்ட பிறகும் 'உங்களைத் தெரியாதா சார்' என்று சொல்லிப் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். உதிரிபாகங்களின் விலையும் வரவழைக்கும் செலவும் ஏறியிருப்பதை நீங்களே அறிவீர்கள். எங்கள் மூத்த மெக்கானிக் வேறு வேலைக்குச் சென்றுவிட்டதால், வீட்டுக்கு வந்து அமைத்துத் தரும் சேவைக்கு வரும் மாதம் முதல் 1,500 ரூபாய் பெறப்படும்.

சர்வீசுக்குக் கொண்டுவருபவர்கள் பேட்டர்ன்களை முன்கூட்டியே எழுதிக்கொண்டு, பேட்டரிகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். ரசீதில் கையெழுத்திடுமுன் அதன் பின்புறத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளர்