காட்டு மண்ணுக்கும் அதே வண்ணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கைக்கோள் மூலம் மண்ணின் ஈரத்தை அளப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். தெளிவான நடை. ஆனால் கூடவே வெளியான வரைபடம் என்னை உறுத்துகிறது. வயல்வெளி, புல்வெளி, அடர்காடு எல்லாவற்றுக்கும் அதில் ஒரே நம்பிக்கையோடு வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். காட்டுப் பகுதிக்கு அந்த நம்பிக்கை செல்லாது.

ஈரமான மண் நுண்ணலைகளைக் குறைவாக உமிழும். காய்ந்த மண் கூடுதலாக உமிழும். 2009-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஸ்மோஸ், 2015-இல் ஏவப்பட்ட நாசாவின் ஸ்மாப் ஆகிய இரண்டு செயற்கைக்கோள்களும் சுமார் 21 செ.மீ. அலைநீளத்தில் இந்த வேறுபாட்டைத்தான் பார்க்கின்றன. அவை உணர்வது ஏறத்தாழ மேல்மண்ணின் 5 செ.மீ. மட்டுமே. திறந்த நிலத்தில் இந்த முறை அருமையாகப் பலன் தருகிறது. காட்டிலோ, மண்ணிலிருந்து கிளம்பும் கதிரை இலையிலும் கிளையிலும் அடிமரத்திலும் உள்ள நீர் வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது. போதாததற்கு மரங்களும் தம் பங்குக்கு உமிழ்கின்றன. திருத்தம் செய்யாமல் பார்த்தால், நன்றாக நனைந்த காட்டுத் தரைகூடக் காய்ந்து கிடப்பதாகவே தெரியும்.

ரேடாரில் நிலைமை தலைகீழ். மேலிருந்து அனுப்பிய அலை கிளைகளில் மோதிச் சிதறித் திரும்புவதால் எதிரொலி வலுக்கிறது. ஈரமண்ணின் எதிரொலியும் வலுவாகவே இருக்கும் என்பதால், காய்ந்த மண்ணும் ஈரமாகத் தோன்றக்கூடும். ஒரே காடு, ஒரே நாள், இரண்டு கருவிகள், எதிரெதிரான இரண்டு பிழைகள்! கட்டுரையாளர் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

தாவரம் எவ்வளவு மறைக்கிறது, எவ்வளவு சிதறடிக்கிறது என்று மதிப்பிட்டுக் கழிக்கும் சமன்பாடுகள் உண்டு. ஆனாலும் ஒரு சதுர மீட்டரில் தாவரங்களுக்குள் இருக்கும் நீர் 5 கிலோவைத் தாண்டினால், ஸ்மாப் திட்டத்தின் துல்லிய இலக்கு அந்த இடத்துக்குப் பொருந்தாது. அடர்காடுகள் அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டும். அத்தகைய இடங்களுக்குத் தரவுக் கோப்பிலேயே எச்சரிக்கைக் குறி இருக்கிறது. வண்ணப் படமாக மாற்றும்போது அதை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

காட்டை அளக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. காட்டுத்தீ அபாயத்தையும் மழைவெள்ளத்தையும் முன்னறிய அந்த மண்ணின் ஈரம் அவசியம் தெரிந்தாக வேண்டும். அலைநீளம் கூடக்கூட மரங்களை ஊடுருவும் திறனும் கூடுகிறது. நாசாவின் ஏர்மாஸ் திட்டத்தில் 70 செ.மீ. அளவிலான அலைகளை விமானத்திலிருந்து செலுத்தி, வேர்ப்பகுதி வரை ஈரத்தைக் கணிக்க முயன்றார்கள். ஆனால் எந்தக் கணிப்பையும் சரிபார்க்கக் காட்டுக்குள் மண்ணில் புதைத்த உணரிகள் வேண்டும். சருகுப் படுகையும் நீரைப் பிடித்துவைத்துக் கணக்கைக் குழப்பும் என்பதால், அதையும் தனியே அளந்தாக வேண்டும்.

அடுத்த முறை இத்தகைய வரைபடம் வெளியிடும்போது, எச்சரிக்கைக் குறி உள்ள பகுதிகளைச் சாம்பல் நிறத்தில் கோடிட்டுக் காட்டி, காரணத்தையும் இரண்டு வரியில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்