நிறுவல் எழுதுவதில் பிள்ளை முன்னேறியதை எப்படி அறிவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கும் பிள்ளைகள் நிறுவல் (ஒரு கூற்று ஏன் உண்மை என்று படிப்படியாகக் காரணம் காட்டுவது) எழுதுவதில் முன்னேறுகிறார்களா என்று பார்க்க, செமஸ்டர் முடிவில் வரும் பரீட்சைப் புள்ளியையே பெரும்பாலும் நம்பியிருக்கிறோம். அது போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

திருகோணமலையில் உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். என்னிடம் படித்துவிட்டுக் கம்பஸ் போன மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பிள்ளைகள் முதலாம் வருடத்தில் ஒப்படைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். "எல்லா வரியும் சரிதானே டீச்சர், பிறகேன் புள்ளி இல்லை?" என்று கேட்பார்கள்.

ஒரு கொப்பியில் இருந்ததைச் சொல்கிறேன். ஒரு நிறைவெண்ணின் வர்க்கம் இரட்டை எனில் அந்த எண்ணும் இரட்டை என நிறுவ வேண்டும். பிள்ளை எண்ணை இரண்டின் மடங்காக எடுத்து, வர்க்கித்து, நான்கின் மடங்கு வருகிறது, ஆகவே இரட்டை, நிறுவப்பட்டது என்று முடித்திருந்தது. சுருக்கலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நிறுவப்பட்டது கேட்ட கூற்று அல்ல, அதன் மறுதலை: எண் இரட்டை எனில் வர்க்கமும் இரட்டை என்பது. எண் ஒற்றை என்று எடுத்து, அப்படியானால் வர்க்கமும் ஒற்றையாகும், அது தரப்பட்டதற்கு முரண் என்று காட்டியிருக்க வேண்டும். புள்ளி போட்டவர் பெரிய குறுக்குக் கோடொன்று இழுத்துப் பூச்சியம் போட்டிருந்தார். எங்கே பிழைத்தது என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பிள்ளை அடுத்த முறை எதைத் திருத்தும்?

இந்தப் பழக்கம் பாடசாலையிலேயே ஊறிவிடுகிறது. உயர்தர வினாத்தாளில் மூன்று மணித்தியாலத்துக்குள் முதற் பகுதியில் 10 வினாவும், இரண்டாம் பகுதியில் 7இல் 5 வினாவும் செய்து முடிக்க வேண்டும். வேகம் இல்லாவிட்டால் சரிவராது. சமன்பாட்டுக்குக் கீழே சமன்பாடு, இடையில் மூன்று புள்ளி வைத்த 'ஆகவே' குறி, அவ்வளவுதான். அப்புறம் கம்பஸ் போனதும் பாடம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. நியாயம் பிழைத்ததா, வசனம் பிழைத்ததா என்று பிள்ளைக்கும் தெரிவதில்லை, தாளைப் பார்ப்பவருக்கும் பல நேரம் தெரிவதில்லை. இரண்டுக்கும் தனித்தனியாகப் புள்ளி போட்டால் என்ன?

முக்கியமாக ஒன்று. நிறுவல் எழுதப் பழகும் பிள்ளையின் எழுத்து இடையில் கொஞ்சக் காலம் மோசமாகத்தான் தெரியும். வெறும் சமன்பாடாக எழுதியபோது மறைந்திருந்த ஓட்டைகள், காரணம் எழுதத் தொடங்கியதும் வெளியே வருகின்றன. நீட்டி எழுதும், ஒன்றையே இரண்டு தரம் சொல்லும், தேவையில்லாத இடத்தில் முரண்பாடு தேடும். உண்மையில் அதுதான் வளர்ச்சி. ஆனால் புள்ளித்திட்டத்தை மட்டும் பார்த்தால் அந்த நேரத்தில் புள்ளி குறையும். எழுதினால் புள்ளி போகிறது என்று பயந்து பிள்ளை பழையபடி சமன்பாட்டுக்கே திரும்பிவிடும். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

அதனால் முதலாம் வருடத்தின் முதல் வாரத்தில் எழுதிய நிறுவலைத் துறையிலேயே பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். செமஸ்டர் முடிவில் அதே தரத்தில் இன்னொன்றைக் கொடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தரப்பட்டதிலிருந்து தொடங்குகிறதா, புதிதாக வரும் குறியீடு எதைக் குறிக்கிறது என்று சொல்கிறதா, ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகக் காரணம் இருக்கிறதா என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இடையில் கொடுக்கும் ஒப்படைகளைக் குறிப்பெழுதித் திருப்பிக் கொடுத்து, திருத்தி எழுதியதற்கே புள்ளி போடலாம். பிள்ளைகள் தொகை கூட, விரிவுரையாளருக்கு நேரமில்லை என்பார்கள். நியாயம்தான். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு சிறிய நிறுவல் போதுமே. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்து, விளங்காத இடத்தில் கோடிடச் செய்தால் பாதி வேலை அங்கேயே முடியும்.

இப்போது கைபேசியிலேயே ஒழுங்கான நிறுவல் கிடைக்கிறது. ஆகவே வீட்டில் எழுதி வந்ததை மட்டும் நம்பாமல், சிலவற்றை வகுப்பிலேயே கையால் எழுதவைத்துக் கரும்பலகையில் விளக்கவும் சொல்ல வேண்டும்.

முதலாம் வருடத்தில் ஒரு பாடத்திலாவது இதைத் தொடங்கும்படி கணிதத் துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே செய்துபார்த்த விரிவுரையாளர்கள் இருந்தால் தங்கள் அனுபவத்தை இந்தப் பக்கத்தில் எழுதினால், உயர்தர வகுப்பு எடுக்கும் எங்களுக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.