பாகங்கள் வாங்கும் முன் பிளாக்கைக் கொண்டு வாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

டெட்ராய்ட்டில் பனி விழத் தொடங்கிவிட்டது. வண்டிகள் ஷெட்டுக்குள் போய்விட்டன, இன்ஜின்கள் எங்கள் பட்டறைக்கு வருகின்றன. இந்த வாரம் மட்டும் மூன்று பேர் கிரைஸ்லரின் 440 இன்ஜின் (440 கன அங்குல V8) பற்றிப் பேசினார்கள். மூவருமே பிஸ்டன், கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) எல்லாம் வாங்கி வைத்துவிட்டார்கள். பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடலை, யாரும் அளக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

440 வந்தது 1966 மாடலில், நின்றது 1978-இல். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். உள்ளே அப்படியல்ல. அறுபதுகளின் மேக்னம் (டாட்ஜ் வண்டிகளில் வந்த அதிக சக்தி 440) 4,600 ஆர்பிஎம்மில் 375 குதிரைத்திறன் தந்தது. 1972 முதல் கம்ப்ரெஷனை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற விகிதத்தை, 8.2-க்கு ஒன்று என்று இறக்கிவிட்டார்கள். போன மாதம் 1974-ஆம் வருட 440 ஒன்றைப் பிரித்தோம். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து டயல் கேஜை வைத்தால், பிஸ்டனின் தலை டெக்கிலிருந்து (ஹெட் உட்காரும் பிளாக்கின் மேல்தளம்) பத்தில் ஒரு பங்கு அங்குலத்துக்கும் அதிகமாகத் தாழ்ந்து நிற்கிறது. விரலை விட்டால் படி போலத் தட்டுப்படும். அந்த வண்டிக்காரர் வாங்கி வைத்திருந்தது பெரிய ரேஸ் கேம்.

குறைந்த கம்ப்ரெஷனும் பெரிய கேமும் சேராது. பெரிய கேமில் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். குறைந்த வேகத்தில், உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை பிஸ்டனே திரும்ப வெளியே தள்ளிவிடும். கம்ப்ரெஷன் ஏற்கெனவே குறைவு என்றால் சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி சோர்ந்துபோகும். 5,000-க்கு மேல் போனால்தான் உயிர் வரும். ரோட்டில் ஓட்டும் வண்டி அங்கே எவ்வளவு நேரம் இருக்கப்போகிறது? பழைய மேக்னம் 3,200 ஆர்பிஎம்மிலேயே 480 அடி-பவுண்டு டார்க் (சுழற்றும் விசை) கொடுத்தது. இந்த இன்ஜினின் அருமையே அதில்தான். அதைக் கொன்றுவிட்டு டைனோ (இன்ஜின் சக்தியை அளக்கும் கருவி) தாளில் ஒரு பெரிய எண்ணை வாங்கித் தர எங்களுக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் கம்ப்ரெஷனை ஏற்றினால் போதுமா? அதுவும் முழு பதில் இல்லை. 906, 452 போன்ற வார்ப்பு எண் கொண்ட இரும்பு ஹெட்களில் சேம்பர் (கலவை எரியும் குழி) முழுக்கத் திறந்து கிடக்கும். பிஸ்டனை மேலே கொண்டுவந்தாலும் எதிரே நெருங்கி நிற்கச் சமதளம் இல்லை. 84 சிசி குளோஸ்டு சேம்பர் (ஒரு பகுதி மூடிய குழி) அலுமினிய ஹெட் போட்டால் அந்தத் தளம் கிடைக்கிறது. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே 0.040 அங்குல இடைவெளி வைப்போம். கலவை ஸ்பார்க் பிளக் பக்கம் நெருக்கப்பட்டு வேகமாக எரியும், நாக்கிங் (கலவை தானாகப் பற்றித் தட்டுவது) அடங்கும். பம்பில் கிடைக்கும் பிரீமியம் பெட்ரோலில் பத்துக்கு ஒன்று கம்ப்ரெஷனை நிம்மதியாக ஓட்டலாம்.

அந்த 0.040-ஐக் கணக்குப் போட்டுப் பிடிக்க முடியாது என்பதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். புத்தகப்படி 440-இன் டெக் உயரம் (கிராங்க் தண்டின் மையத்திலிருந்து டெக் வரை) 10.725 அங்குலம். சில வருடங்களுக்கு முன் அதை நம்பி ஒருவருக்குப் பிஸ்டன் வரவழைத்தோம். மாட்டிப் பார்த்தால் ஒரு பக்கத்து பேங்க் (சிலிண்டர் வரிசை) ஓர் அளவு, மறுபக்கம் வேறு அளவு. முன் சிலிண்டருக்கும் பின் சிலிண்டருக்கும்கூட வித்தியாசம் இருந்தது. எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி, இரண்டு டெக்கையும் எங்கள் செலவில் சமப்படுத்திக் கொடுத்தோம். அவர் ஒரு கோடை முழுக்க வண்டி இல்லாமல் இருந்தார். அதற்கு இன்றும் வருந்துகிறேன். அன்றிலிருந்து அளக்காமல் பிஸ்டன் ஆர்டர் செய்வதில்லை. சிலிண்டர் சுவரின் தடிமனையும் ஒலியால் அளக்கும் சோனிக் கருவியால் பார்ப்போம். வார்ப்பில் கோர் (உட்குழிவை உருவாக்கும் அச்சு) நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கும், போரை (சிலிண்டர் விட்டத்தை) எவ்வளவு ஏற்றலாம் என்பது அதைப் பார்த்த பிறகுதான்.

கிராங்கையும் சொல்லிவிடுகிறேன். இதே குடும்பத்து 400 இன்ஜினிலும் பிற்கால 440-களிலும் வார்ப்பிரும்புக் கிராங்க் வரும். அதன் பேலன்ஸில் ஒரு பகுதி வெளியே, முன்பக்க டேம்பரிலும் (அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) பின்பக்க கன்வெர்ட்டரிலும் (இன்ஜினை ஆட்டோமேட்டிக் கியருடன் இணைப்பது) இருக்கிறது. தெரியாமல் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) கிராங்குக்கான டேம்பரை வாங்கி மாட்டினால் இன்ஜின் உதறும், பேரிங் போய்விடும். பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயை 3/8-இலிருந்து 1/2 அங்குலத்துக்கு மாற்றி, பிளாக்கின் வழியையும் அதற்கேற்ப அகலப்படுத்துகிறோம். இதைச் செய்யாமல் எந்த 440-ஐயும் நாங்கள் அனுப்புவதில்லை. கொஞ்சம் கூடுதல் செலவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கேம். ஃபிளாட் டாப்பெட் (கேம் மேல் உரசும் தட்டை அடி லிஃப்டர்) போடுபவர்கள் முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விட்டுவிடவே கூடாது. துத்தநாகம் சேர்ந்த பிரேக்-இன் ஆயிலில், 2,000 முதல் 2,500 ஆர்பிஎம் வரை, இருபது நிமிடம். நடுவில் தண்ணீரோ பெட்ரோலோ ஒழுகினால் அணைத்துவிட்டுச் சரிசெய்யுங்கள், பிறகு மிச்ச நேரத்தை முடியுங்கள். தேய்ந்த லிஃப்டர் ஒன்றை கவுன்டரில் வைத்திருக்கிறேன். அடிப்பக்கம் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். வரும்போது கையில் எடுத்துப் பாருங்கள். இந்தக் கவலையே வேண்டாம் என்பவர்கள் ரோலர் (அடியில் உருளை உள்ள லிஃப்டர்) போடலாம், விலை கூடும்.

சரி, என்ன கொண்டுவர வேண்டும்? பிளாக், கிராங்க், ஹெட், பழைய பிஸ்டன் ஒன்று. அதோடு வண்டியின் எடை, பின் ஆக்ஸில் ரேஷியோ, கன்வெர்ட்டரின் ஸ்டால் (வண்டி நகராமல் பிடித்திருக்கும்போது இன்ஜின் எட்டும் ஆர்பிஎம்), பவர் பிரேக் உண்டா இல்லையா என்பதையும் எழுதிக் கொடுங்கள். கேமைத் தீர்மானிப்பவை இவைதான். அளக்கும் கூலி, வேலையை எங்களிடமே கொடுத்தால் பில்லில் கழிந்துவிடும்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை வுட்வார்ட் ட்ரீம் குரூஸ் கார் ஊர்வலத்தில் வண்டி ஓட வேண்டும் என்பவர்கள் ஜனவரி முடிவதற்குள் பிளாக்கைக் கொண்டுவந்துவிடுங்கள். அதற்குப் பிறகு வந்தால் அந்தத் தேதிக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து